சந்தைக்குப் போன பதினேழு வீடு

நெருப்பெரிச்சல்,
26.3.2025

அன்பு மகன் குகனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இந்த வெயிலில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, எனக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, டைம் ஆபீஸில் உட்கார்ந்தே இருக்கிறவனுக்கு அது போதும். இங்கிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, ராத்திரிக்குச் சோறு வடிக்கிறாயா இல்லை ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், நல்ல பிள்ளை, அப்படித்தான் சொல்வாய். அந்தப் பரவாயில்லை எனக்கு இப்போது வேண்டாம். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய மெயிலைப் பிரிண்ட் எடுத்து நாலு தடவை படித்தேன். நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவின் முன்னோர்கள் பிரான்சில் பட்டு நெய்தவர்கள், அவர்கள் சாமி கும்பிடுகிற முறையை ராஜா தடை செய்ததும், பிடிபட்டால் ஆயுசுக்கும் கப்பலில் துடுப்புப் போட வைப்பார்கள் என்று தெரிந்தும், பீப்பாய்க்குள் ஒளிந்துகூடக் கடல் தாண்டி வந்தவர்கள் என்று எழுதியிருந்தாய். ஹ்யூகனோ என்ற அந்தப் பெயர் எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் அவர்களுடைய வாரிசுகள் சங்கம் வைத்துக்கொண்டு வருடா வருடம் கூடுகிறார்கள், ஓடிவந்த குடும்பங்களின் பெயரை வாசிக்கிறார்கள், சேர வேண்டும் என்றால் இன்ன குடும்பத்தில் வந்தவன் என்று சர்ச் பதிவேட்டைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்றெல்லாம் படித்தபோது நம் சங்கத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாயோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நீ நம் கதையைச் சொல்லப் போய், அந்த அம்மாவுக்கு அது பிடித்துப் போய், ஏப்ரல் கடைசியில் நடக்கும் அவர்கள் கூட்டத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார் என்றதும் நான் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நம் சங்கத்துக்கு நான் எழுதிய ஐம்பதாம் ஆண்டு மலரை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னாய். இன்னும் அனுப்பவில்லை, மெஷின் ரிப்பேர் என்று இரண்டு தடவை பொய் சொன்னேன். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் சொல்லித் தெரிந்த கதை, அதனால் மறுபடியும் வரிசையாகக் கேள். உசிலம்பட்டிக்கு மேற்கே சுளுந்தோடையில் நம் ஆட்கள் இருந்தபோது வெள்ளைக்காரனின் கைரேகைச் சட்டம் வந்தது. திருடினவன் திருடாதவன் என்ற பேச்சே இல்லை, அங்கே பிறந்த ஆண்பிள்ளை என்றால் ரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1923 பங்குனியில் ஒரு சந்தை நாளில் பதினேழு வீட்டார் சீட்டு வாங்கிக்கொண்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு, கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, விற்கப் போகிறவர்கள் மாதிரி பட்டப்பகலில் கிளம்பினார்கள். சந்தையையும் தாண்டி வடக்கே நடந்து, திரும்பவே இல்லை. குலசாமி கருப்பசாமியின் பூசைப் பெட்டியைக் கடலைச் சாக்குக்குள் மறைத்துத் தூக்கி வந்தவர் என் தாத்தா விருமாண்டி, அதனால் நம் வீடு முதல் வீடு. மலரில் மூன்றாம் பக்கத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன், பெருமாநல்லூர்ப் பக்கம் கிணறு வெட்டியது, ஜின்னிங் மில்லில் பஞ்சு மூட்டை தூக்கியது, பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போனது எல்லாம் அதற்கப்புறம் வரும்.

அந்த அம்மாவின் ஆட்களுக்கு ஒரு கூட்டம் என்றால் நமக்குப் பங்குனி இரண்டாம் ஞாயிறு. பெருமாநல்லூர் மண்டபத்தில் பெட்டியை இறக்கி வைத்ததும் செயலாளர் பதினேழு வீட்டின் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவார், அந்தந்த வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, சந்தைக்குப் போனோம், திரும்பலை என்று சொல்லிவிட்டு வந்து நோட்டில் கையெழுத்துப் போடுவார். ரேகை கூடவே கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள்கூட மூன்று எழுத்தையாவது பழகிக்கொண்டு வந்து போடுவார்கள், அது நம் சங்கத்தின் மானம். மண்டபத்து அப்புசாமி ஒவ்வொரு வருடமும் என்னைக் கேலி செய்வார், ஏனுங்க சந்தனம், சந்தைக்குப் போயி நூறு வருசமாச்சே, ஒண்ணுமே வாங்கலீங்களா என்பார். நானும் சிரிப்பேன். செயலாளராக இருபத்திரண்டு வருடம் சிரித்தாயிற்று. மற்ற நாளெல்லாம் கம்பெனியில் முந்நூறு பேரின் கட்டைவிரலை மெஷினில் ஏற்றுவதுதான் என் வேலை, ஒடிசாப் பிள்ளைகளின் விரலை நானே பிடித்துக் கண்ணாடியில் அழுத்துகிறேன், அதையும் இதையும் சேர்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

நம் கூட்டத்துக்கு மைக் செட் போடுகிற காசிமாயனை உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் அவன்தான் போட்டான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவன் தன் அப்பா ராமரைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். ராமருக்கு எண்பது வயது, ஒரு கண்ணில் புரை. பெட்டியத் தூக்குனது எங்கப்பன்யா, என் மகனுக்கு அவரு பேரத்தான் வச்சிருக்கேன், பெட்டிய இங்கன கொண்டாந்து எறக்கி வச்சுட்டு வாரண்டுக்குப் பயந்து வால்பாறை எஸ்டேட்டுக்குப் போனாரு, அங்கயே மண்ணாப் போனாரு, எங்க வீட்டையும் சேத்துக்கங்க என்றார். பெட்டியை எங்கள் தாத்தாதான் தூக்கினார் என்று வருடத்துக்கு இரண்டு பேர் வருவதுண்டு, அந்தக் கணக்கில் அவரையும் சேர்த்தேன். பழைய ஆவணம் இருக்கிறதா என்று கேட்டேன். தன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்கக் கூடாது என்று ஓடியவரின் மகனிடம் நான் பதிவேடு கேட்டேன் குகா. இது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. அதோடு மனுவின் அடியில் அவர் கட்டைவிரலை உருட்டி ரேகை வைத்திருந்தார். ரேகை வைத்த மனுவைச் சங்கம் வாங்காது என்று அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை, அப்பக் கையெழுத்துப் பழகிட்டு வாரேன்யா என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருட ஆடியிலேயே இறந்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மலர் வந்ததோடு நிற்காமல், சுளுந்தோடையில் நம் முன்னோர்கள் விட்டு வந்த மண்ணில் துண்டு இடம் வாங்கிக் கல் நட வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம், தீர்மானத்தை எழுதியதும் நான்தான். எந்த நிலம் யாருடையதாக இருந்தது என்று பார்க்கப் பழைய பத்திர நகலுக்கு மனுப்போட்டிருந்தேன், மாசிக் கடைசியில் வந்தது. தலைமறைவானவர்களின் நிலத்தை ஜப்தி செய்து ஏலம் விட்ட பத்திரம், 1924. அதன் பின்பக்கத்தில் தலைமறைவானவர்கள் பட்டியல், பதினேழு பெயர். நான் மலரை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பதினாறு பெயர் எழுத்துப் பிசகாமல் பொருந்தியது. முதல் பெயர் மட்டும் விருமாண்டி இல்லை, காசிமாயன். விருமாண்டியின் பெயர் பத்திரத்தின் முன்பக்கத்தில் இருந்தது, மாயாண்டி மகன் விருமாண்டி, பதினேழு பேரின் நிலத்தையும் ஏலம் எடுத்தவர்.

நான் அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறேன், என் ஏழு வயது வரை இருந்தார். வேறு விருமாண்டியாக இருக்கும் என்று ஒரு வாரம் என்னை நானே ஏமாற்றிப் பார்த்தேன், பூட்டனின் பெயரும் ஊரும் அப்படியே இருக்கும்போது எத்தனை நாள் ஏமாற்ற முடியும். எனக்குப் புரிந்தவரை அவர் அங்கேயே இருந்திருக்கிறார், அந்த நிலத்தில் மூன்று நாலு வருடம் உழுதிருக்கிறார், பஞ்சம் வந்ததும் விற்றுவிட்டு இங்கே வந்திருக்கிறார். இங்கே வந்தவர்கள் கூலிக்குக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் கையில் காசு இருந்தது, பெட்டிக்குக் கொட்டகை போட்டார், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். வந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்தும் கஞ்சியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கொட்டகைக்காரரே பெட்டிக்காரர் ஆகிவிட்டார். அதை அச்சில் ஏற்றி, ஆயிரம் பிரதி போட்டு, வீடு வீடாகக் கொடுத்தவன் நான். உன் மெயிலில் ஒரு வரி எழுதியிருந்தாய், ஓடிப்போனவர்களின் சொத்தைப் பிரான்ஸ் ராஜா அங்கேயே தங்கிவிட்ட சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று. முதலில் படித்தபோது பாவிப்பயல்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். இப்போது அந்தப் பேப்பரை எடுத்தால் அந்த வரி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

உன் அம்மாவிடம் சொன்னேன். பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள், அவளுக்கு அந்தக் காலத்து எழுத்து புரியவில்லை, என் முகம் புரிந்தது. செத்தவரு செஞ்சதுக்கு நீங்க எதுக்குச் சோறு எறங்காம இருக்கீங்க, அடுப்புல போடுங்க அதை என்றாள். முப்பத்து மூன்று வருடமாக முதல் வீட்டு மருமகள் என்று பெட்டிக்கு முதல் பொங்கல் வைக்கிறவள், பதினாறு வீட்டுப் பொம்பளைகளும் அவள் கரண்டி எடுத்த பிறகுதான் எடுப்பார்கள், அவளுக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான், அதையும் நான் பிடுங்கப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் காலையில் காபி கொடுக்கும்போதே, எரிச்சாச்சா என்று ஒரு வார்த்தை கேட்கிறாள், இல்லை என்று சொன்னால் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போகிறாள். சங்கத் தலைவர் முனீஸிடமும் யாருக்கோ நடந்த மாதிரி ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவன் கெட்டிக்காரன், யாருக்குண்ணே என்று கேட்கவே இல்லை, மலரு போயாச்சு, கல்லுக்குப் பேரு எழுதக் குடுத்தாச்சு, இப்பப் போயி எதையும் கிண்டாதீங்க, பதினேழு பதினேழாவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பத்திர நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எழுநூறு பேர் இருக்கும், மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை, கறி வேகிற வாசனை மண்டபம் முழுவதும் இருந்தது, உன் அம்மா பட்டுச்சேலை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசிமாயன் வந்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தான். நம் வீட்டுக்கு மட்டும் ஒரு சங்கடம் இருக்கிறது உனக்குத் தெரியும், செயலாளரும் நான்தான், வீட்டுக்காரனும் நான்தான், அதனால் நானே கூப்பிட்டு நானே பதில் சொல்ல வேண்டும், சின்ன வயதில் நீ அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாய். முதல் வீடு, விருமாண்டி வீடு என்று கூப்பிட்டேன். பையில் கை வைத்தேன், பேப்பர் விரலில் பட்டது. வாயைத் திறந்தேன், சந்தைக்குப் போனோம், திரும்பலை என்றுதான் வந்தது. குரல் உடைந்து பாதிதான் கேட்டிருக்கும் போல, காசிமாயன் மைக்கில் கோளாறு என்று நினைத்து ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அண்ணே இன்னொருக்காச் சொல்லுங்க, பின்னாடி கேக்கலையாம் என்றான். இன்னொரு தடவை சொன்னேன். அவன் அமைத்துக் கொடுத்த சத்தத்தில், அவன் தாத்தாவின் இடத்தில் நின்றுகொண்டு, எழுநூறு பேருக்கும் தெளிவாகக் கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள், அவனும் தட்டினான். நான் இப்படி வெட்கப்பட்டதே கிடையாது.

பந்தி முடிந்து அவன் வயரைச் சுருட்டும்போது கிட்டே போனேன், எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. மகள் கிருத்திகா காலேஜில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னான். பிறகு வயரைப் பார்த்துக்கொண்டே, பிள்ளை கேக்குதுண்ணே, நாம எந்த வீடுன்னு, எங்கப்பா கையெழுத்துப் பழகுன நோட்டு இன்னும் இருக்கு, நாப்பது பக்கம் எழுதியிருக்காரு, அதைக் காட்டுனேன், அதுல அவரு பேரு கடைசிப் பக்கத்துலதான் நேரா வந்திருக்கு, மறுபடி மனுப் போட்டா வாங்குவீங்களாண்ணே, சும்மாதான் கேட்டேன் என்றான். பார்க்கலாம்ப்பா என்றேன். இருபத்திரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்கிற அதே பார்க்கலாம். அவன் சரிண்ணே என்று ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மைக்கில் சொல்லத்தான் துணிவில்லை, சட்டப்படி செய்யலாமே என்று வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை எடுத்தேன். பதினேழு வீடு பதினெட்டாகக் கூடாது, ஆகவே ஒரு வீடு உள்ளே வர வேண்டுமானால் ஒரு வீடு வெளியே போக வேண்டும். ஒரு வீட்டின் பெயரை நீக்க அந்த வீட்டு ரத்தவழியில் இரண்டு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், கட்டி வந்தவர்கள் கையெழுத்து செல்லாது. 2009ல் இரண்டு வீட்டார் பந்தியில் இடம் பிடிக்கச் சண்டை போட்டு ஒருவரை ஒருவர் நீக்கச் சொன்னபோது, எவனும் எவனையும் நீக்க முடியாதபடி ஒரு விதி போடுகிறேன் பார் என்று நான்தான் எழுதினேன், ரொம்பச் சாமர்த்தியம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆப்பைப் பிடுங்கிய குரங்கு என்றால் நான்தான். நம் வீட்டில் என்னை விட்டால் ரத்தவழி நீ ஒருவன்தான்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதல் கோட்டில் என் கையெழுத்து இருக்கிறது, நேற்று போட்டேன். இரண்டாவது கோடு உன்னுடையது. அப்பன் தன் பாரத்தைப் பிள்ளை தலையில் இறக்கி வைக்கிறான் என்று நீ நினைத்தால் நான் மறுக்க மாட்டேன், அதைத்தான் செய்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் நாம் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை, உன் அம்மா என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று தெரியாது, உன் தாத்தா பூட்டனைப் பற்றி நாளைக்கு உன் பிள்ளைக்குச் சொல்ல உன்னிடம் நல்ல கதை ஒன்றும் இருக்காது. போடாவிட்டாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே வராத துணிச்சலை உன்னிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை. அப்படியானால் அடுத்த பங்குனியிலும் நானே கூப்பிட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு நிற்பேன், எனக்குப் பிறகு நீ வந்து நிற்பாய். எதுவானாலும் நீயாக முடிவு செய், போனில் என்னிடம் கேட்காதே, கேட்டால் உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்ற சாக்கில் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

கருப்பசாமி உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், யாருடைய பெட்டியாக இருந்தாலும் சாமி சாமிதான். இருமல் இருந்தால் மிளகு ரசம் வைத்துக் குடி, பொடி தீர்ந்துவிட்டால் அம்மாவிடம் சொல், அனுப்புவாள். ஒன்றை மட்டும் மறக்காதே. மலரை நான் அனுப்ப மாட்டேன், ஆனால் அந்த அம்மாவின் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதே. அங்கே அவர்களிடம் கேள், ஓடாமல் தங்கி, ஓடியவர்களின் நிலத்தை வாங்கிக்கொண்டவனின் பேரன் எவனாவது இந்த முந்நூறு வருடத்தில் ஒரு தடவையாவது அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லியிருக்கிறானா என்று. இல்லை என்றால், அங்கே நீ முதலில் சொல். அதைக் கேட்டாவது இங்கே நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஏலம் எடுத்த விருமாண்டியின் பேரன்,
உன் அப்பா
சந்தனம்